பிசாசின் மேல் கடவுளின் ஆளுகை: சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஒரு கிறித்தவக் கோட்பாட்டின் வரலாறு

கிறித்தவ சமயத்தில் கடவுளும் பிசாசும் எதிரெதிர் அணியில் நிற்கும் இரண்டு வல்லமைகள் என்று பலர் நினைக்கிறார்கள். இருவருக்கும் போர் நடக்கிறது, கடைசியில் கடவுள் வெல்வார் என்பது அவர்கள் எண்ணம். நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவன், "நரசிம்மரும் இரணியனும் மாதிரிதானே, சார்?" என்று கேட்டான். நாமக்கல் மலைக்கோட்டையின் குடைவரையில் நரசிம்மரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒப்புமை தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் கிறித்தவத் திருச்சபை தன் வரலாறு நெடுகிலும் கற்பித்து வந்தது இதுவன்று. பிசாசு கடவுளுக்குப் போட்டியாளன் அல்லன். கடவுளால் படைக்கப்பட்டு, நெறி தவறிப்போன ஓர் ஆவி. கடவுள் இடம் கொடுத்த அளவுக்கு மேல் அவனால் ஓர் அடியும் வைக்க முடியாது. இதைத்தான் பிசாசின் மேல் கடவுளின் இறையாண்மை என்கிறார்கள்.

இந்தக் கோட்பாடு உருவான விதத்தையும், அது நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் அதை ஒட்டிய கொல்லிமலைக்கும் வந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் இக்கட்டுரை சொல்கிறது.

யோபின் கதை

இக்கோட்பாட்டுக்கு விவிலியத்தில் முதன்மையான ஆதாரம் பழைய ஏற்பாட்டிலுள்ள யோபு நூல். யோபு நேர்மையான செல்வந்தர். வானுலக அவையில் ஒரு நாள் சாத்தானும் வந்து நிற்கிறான். எல்லாம் நிறைவாக இருப்பதால்தான் யோபு பக்தியாக இருக்கிறான் என்று குற்றம் சாட்டுகிறான். கடவுள் அவனுக்கு அனுமதி கொடுக்கிறார். ஆனால் அதற்கு எல்லை வைக்கிறார். முதல் முறை யோபின் உடைமைகளைத் தொடலாம், உடலைத் தொடக்கூடாது. இரண்டாம் முறை உடலைத் தொடலாம், உயிரைத் தொடக்கூடாது. சாத்தான் இரண்டு முறையும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

இந்த நூலின் மூல எபிரேய மொழியில் 'சாத்தான்' என்பது ஆள் பெயராக வரவில்லை. 'அந்தக் குற்றஞ்சாட்டுபவன்' என்று பதவிப் பெயர் போல வருகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் அதிகாரத்துக்குப் பிறகு சாத்தான் கதையில் எங்குமே இல்லை. யோபு தன் வழக்கைச் சாத்தானோடு பேசவில்லை, கடவுளோடுதான் பேசுகிறார். என் துன்பத்துக்கு நீரே பொறுப்பு என்று நேராகக் கேட்கிறார். கடவுள் எல்லாவற்றையும் ஆள்பவர் என்றால் கேள்வியும் அவரிடம்தானே போக வேண்டும்? இக்கோட்பாட்டின் பலமும் சங்கடமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அந்தச் சங்கடத்தை விவிலிய ஆசிரியர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. தாவீது அரசர் மக்கள்தொகைக் கணக்கெடுத்தது பாவமாகக் கருதப்பட்டது. அதைச் செய்யும்படி அவரைத் தூண்டியது யார்? சாமுவேலின் இரண்டாம் நூல் 24ஆம் அதிகாரம், ஆண்டவரே தூண்டினார் என்கிறது. அதே நிகழ்ச்சியைப் பின்னாளில் மறுபடி எழுதிய குறிப்பேட்டின் முதல் நூல் 21ஆம் அதிகாரம், சாத்தான் தூண்டினான் என்கிறது. இரண்டுக்கும் இடையில் யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பி, பாரசீகப் பேரரசின் கீழ் வாழ்ந்தார்கள். பாரசீகர்களின் சரத்துஸ்திர சமயத்தில் நன்மைக்கு அகுரமஸ்தா, தீமைக்கு அங்கிரமைன்யு என்று இரண்டு எதிர்நிலைகள் உண்டு. யூத சிந்தனையில் அதன் பாதிப்பு எவ்வளவு என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. தீமையைக் கடவுளிடமிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும் என்ற விருப்பம் அக்காலத்தில் வளர்ந்தது என்பது மட்டும் இந்த ஒரு மாற்றத்திலேயே தெரிகிறது.

புதிய ஏற்பாட்டில் பிசாசின் இடம் பெரிதாகிறது. ஆயினும் அனுமதி கேட்கும் நிலை மாறவில்லை. மாற்கு நற்செய்தியில் 'லேகியோன்' என்ற ஆவிக் கூட்டம் பன்றிகளுக்குள் போவதற்கு இயேசுவிடம் அனுமதி கேட்கிறது. லூக்கா நற்செய்தியில் சீடர்களைக் கோதுமை புடைப்பதுபோல் புடைக்கச் சாத்தான் கேட்டுக்கொண்டான் என்று இயேசு சொல்கிறார். கேட்டுத்தான் வாங்குகிறான், பறித்துக்கொள்ளவில்லை.

இரண்டு மூலங்கள் என்ற கொள்கைக்கு மறுப்பு

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தோன்றிய மானி என்பவர், ஒளி, இருள் என்று ஆதியிலேயே இரண்டு மூலங்கள் உண்டு என்று கற்பித்தார். பிற்காலத்தில் பெரிய இறையியலாளராக விளங்கிய அகுஸ்தீன் (354-430) இளமையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இந்தச் சமயத்தில் இருந்தவர். அதை விட்டு வெளியேறிய பின் அவர் சொன்ன விடை, தீமை என்பது தனிப் பொருளே அல்ல, நன்மையின் குறைவு என்பது. இருட்டு என்று ஒரு பொருள் கிடையாது, வெளிச்சம் இல்லாததைத்தான் இருட்டு என்கிறோம் என்று வகுப்பில் சொல்லிப் புரியவைப்பதுண்டு.

இடைக்காலத்தில் தென் பிரான்சில் கத்தாரிகள் என்ற குழுவினரிடம் இரண்டு மூலங்கள் கொள்கை மீண்டும் தலைதூக்கியது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதை மறுத்து, பிசாசும் பிற தீய ஆவிகளும் கடவுளால் நல்லவையாகவே படைக்கப்பட்டுத் தாமாகவே தீயவையாயின என்று அறிவித்தது. கிறித்தவர்களுக்கு இது இன்றும் அடிப்படைக் கூற்று.

இடையில் ஒரு விந்தையான கருத்தும் இருந்தது. மனிதன் பாவம் செய்ததால் பிசாசுக்கு அவன்மேல் ஒரு பாத்தியதை ஏற்பட்டுவிட்டது. இயேசுவின் மரணம் அந்தப் பிசாசுக்குக் கொடுத்த மீட்புப் பணம் என்று பழங்காலத் தந்தையர் சிலர் விளக்கினார்கள். நீசா நகரத்துக் கிரகோரி, தூண்டில் முள்ளை மறைத்த இரையை மீன் விழுங்கியதுபோல் பிசாசு ஏமாந்தான் என்றுகூட எழுதினார். 1098இல் ஆன்செல்ம் இதை ஏற்க மறுத்தார். திருடனுக்குத் திருட்டுப் பொருளின்மேல் உரிமை ஏது என்பதுதான் சுருக்கமாக அவர் வாதம். 16ஆம் நூற்றாண்டில் ஜான் கால்வின் இன்னும் ஒரு படி மேலே போனார். பிசாசு கடிவாளம் பூட்டப்பட்டவன், விரும்பியோ விரும்பாமலோ கடவுளின் நோக்கத்துக்கே பயன்படுகிறான் என்றார். இந்தக் கால்வினிய மரபு பின்னால் கொல்லிமலைக்கு வரப்போகிறது.

சேந்தமங்கலமும் சர்வேசுரனும்

இக்கோட்பாடு தமிழில் நுழைந்த வழியில் நம் வட்டாரத்துக்கு ஒரு பங்கு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி (1577-1656) 1623இல் வடக்கு நோக்கிப் பயணம் புறப்பட்டார். சேந்தமங்கலத்தில் ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலத்துக்குப் போனார். சேலத்தை ஆண்டவரின் சகோதரரான திருமங்கல நாயக்கர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார்.

கடவுளைக் குறிக்க நோபிலி பயன்படுத்திய சொல் 'சர்வேசுரன்'. எல்லாவற்றுக்கும் ஈசுவரன் என்பது அதன் பொருள். அவருக்கு முன் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கு அடிகளார் 'தம்பிரான்' என்ற சொல்லை ஆண்டார்; 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய நூலின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. லுத்தரன் மரபில் பெப்ரிசியுசு 'பராபரன்' என்றார். பிற்காலச் சீர்திருத்த சபையாரின் விவிலியத்தில் 'தேவன்', 'கர்த்தர்' ஆகியவை நிலைத்தன. இவற்றில் 'சர்வ' என்று தொடங்கும் நோபிலியின் சொல்தான் இந்தக் கோட்பாட்டை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து. கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் சர்வேசுரனுக்கு ஆறு இலட்சணங்கள் என்று குழந்தைகளை மனப்பாடம் செய்யவைப்பார்கள். தானாயிருக்கிறவர், துவக்கமும் முடிவும் இல்லாதவர், உருவமில்லாதவர், அளவில்லா நன்மை உள்ளவர், எங்கும் இருக்கிறவர், எல்லாவற்றுக்கும் ஆதிகாரணர். கடைசி இலட்சணத்தை ஒப்புக்கொண்டவருக்குப் பிசாசை இன்னொரு மூலகாரணமாக நினைக்க வழியில்லை.

பிசாசுக்குச் சொல் தேடியதில் இத்தனை தெளிவு கிடைக்கவில்லை. விவிலியத்தின் கிரேக்க மூலத்தில் இரண்டு வேறு சொற்கள் உள்ளன. ஒன்று, தீமைக்குத் தலைவனான ஒருவனைக் குறிப்பது. மற்றொன்று, மனிதரைப் பிடிக்கும் பல ஆவிகளைக் குறிப்பது. சீர்திருத்த சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இரண்டையும் 'பிசாசு' என்றே எழுதிவிட்டது. கத்தோலிக்கர் வழக்கில் அது 'பசாசு' ஆயிற்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம்தான் முதலாவதை 'அலகை' என்றும் இரண்டாவதைப் 'பேய்' என்றும் பிரித்துக் காட்டியது. அலகை திருக்குறளிலேயே உள்ள பழஞ்சொல்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அல்ல. நம் ஊர்களில் பேய் என்றால் வேறு பொருள். அகால மரணம் அடைந்தவர், கிணற்றில் விழுந்தவர், பிரசவத்தில் இறந்த பெண் என்று ஆசை தீராமல் போனவர்களின் ஆவிதான் பேய். அதைப் பூசாரி உடுக்கை அடித்துக் கூப்பிட்டு, பெயர் கேட்டு, வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவைப்பார். அடங்காவிட்டால் முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். அதற்குக் கோபமும் உண்டு, பசியும் உண்டு. ஆனால் அது உலகத்தைக் கெடுக்கத் திட்டமிடும் தீமையின் தலைவன் அல்ல. ஒரே 'பிசாசு' இரண்டையும் விழுங்கியதும், நேற்று இறந்துபோன பக்கத்து வீட்டுப் பெண்ணும் வானத்திலிருந்து விழுந்த தூதனும் ஒன்றாகிவிட்டார்கள்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. மிஷனரிகள் பலர் கிராம தெய்வங்களையும் பிசாசு வகையில் சேர்த்தார்கள். 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி இராபர்ட் கால்டுவெல் எழுதிய நூல் அம்மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே விவரித்தது. அதில் இருந்த கருத்துகள் அந்தச் சமூகத்தாரைப் பின்னாளில் கடுமையாகப் புண்படுத்தின. ஆனால் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே, 1713இல், தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு, கிராம தேவதைகள் ஊரைப் பேய்களிடமிருந்து காப்பதாக மக்கள் நம்புவதைப் பதிவு செய்திருக்கிறது. அந்தக் கையெழுத்துப் படி 1867 வரை அச்சேறவில்லை. நம் முனியப்பனும் மாரியம்மனும் பேய்க்கு எஜமானர்களே தவிரப் பேய்கள் அல்லர் என்பது சேலத்தில் எந்தக் கிழவிக்கும் தெரியும். பேய் ஒரு பெரிய அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்ற எண்ணம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பேசியிருந்தால் கிறித்தவர்கள் தங்கள் கோட்பாட்டை மனம் நோகாமல் விளக்கியிருக்கலாம்.

கொல்லிமலையில்

சங்க நூல்களில் வல்வில் ஓரியின் மலையாகவும், பார்த்தவரை மயக்கும் கொல்லிப்பாவை இருக்கும் இடமாகவும் பேசப்படும் கொல்லிமலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமவெளி மக்களுக்கு அச்சம் தரும் இடமாக இருந்தது. முக்கியக் காரணம் மலைக்காய்ச்சல் என்ற மலேரியா. வண்டிப்பாதை கிடையாது; நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும்.

இங்கிலாந்தின் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சங்கம் 1861இல் தொடங்கியது. கால்வினிய மரபில் ஊறிய சிறிய சபைகளின் சங்கம் அது. எல்லாம் கடவுளின் ஆணைக்குள் நடக்கிறது என்பதில் அவர்களைப் போல் அழுத்தமாக நின்றவர்கள் குறைவு. அச்சங்கத்தின் சார்பில் 1907இல் இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்டும், பின்னர் வந்த எவிலின் ஹாரிசும் 1913இல் சேந்தமங்கலத்தில் மணம் செய்துகொண்டு கொல்லிமலைக்குப் போனார்கள். வாழவந்தியில் வீடு கட்டினார்கள். ஜெஸ்ஸி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். வெப்பமண்டல நோய்களைப் பற்றிச் சிறிது காலம் படித்தவர். பல் பிடுங்குவதும், புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், நரம்புச் சிலந்திப் புழுவை எடுப்பதும், தச்சு வேலை கற்றுக்கொடுப்பதுமாக அவர் நாட்கள் போயின. பல ஆண்டுகள் அவர்களுடைய சமயத்தில் யாரும் சேரவில்லை.

அங்கிருந்த ஒரு பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்ததாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அவர்கள் பக்கம் போனால் சாமி கோபிக்கும் என்று அவர் மக்களை எச்சரித்தார். 1918-19இல் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அது கொல்லிமலைக்கும் ஏறியது. பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அந்தப் பூசாரியும் நோயில் விழுந்தார். சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையான பெண்ணை அவர்களிடமே ஒப்படைத்தார். அதற்குப் பின்னரே மலையில் சபை வளரத் தொடங்கியது.

மிஷன் நூல்கள் இதைப் பிசாசின் கோட்டை சரிந்த கதையாகச் சொல்வதுண்டு. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். எதிரி என்று கருதப்பட்ட அந்த மனிதர்தான், தன் பிள்ளையை யார் பொறுப்பாக வளர்ப்பார்கள் என்று சரியாகக் கணித்தார். தன் ஊர்க்காரர்களுக்கு நேர் எதிரே, தன் வார்த்தையைத் தானே மாற்றிக்கொள்ளும் துணிவும் அவருக்கு இருந்தது. பிசாசுக்கு எவர்மேலும் பாத்தியதை இல்லை என்று ஆன்செல்ம் சொன்னது மெய்யானால், அந்தப் பூசாரியும் ஒரு நாளும் பிசாசின் ஆள் அல்லர். இந்த முடிவுக்கு வரக் கோட்பாடே இடம் தருகிறது. கதையை எழுதியவர்கள்தான் வரவில்லை.

1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி பிராண்டு, மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலால் கொல்லிமலையில் இறந்தார். வயது 44. யோபின் கேள்வி இப்போது எவிலினுடையது. இது பிசாசின் வெற்றி என்று சொல்லிவிட்டால் மனதுக்கு எளிது. கடவுளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர் வளர்ந்த மரபு அந்த எளிய வழியை அடைத்து வைத்திருந்தது. கடவுள் அறியாமல் எதுவும் நடக்காது என்றால் இதுவும் அவர் அறிந்தே நடந்தது. எவிலின் மலையை வெறுக்கவில்லை. சங்கப் பணியிலிருந்து ஓய்வு பெறும் வயது வந்ததும் தாய்நாடு போகாமல் கொல்லிமலைக்கே திரும்பினார். கல்வராயன் மலை, பச்சைமலை என்று கணவர் போக நினைத்த மற்ற மலைகளுக்கும் குதிரையிலும் கைத்தடியோடும் போனார். 'கிரானி பிராண்டு' என்று பெயர் பெற்ற அவர் 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவர் கல்லறையும் இருக்கிறது.

அவர்களுடைய மகன்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு (1914-2003). தொழுநோயைச் சாபம், தெய்வ குற்றம், பிசாசின் வேலை என்றெல்லாம் உலகம் ஒதுக்கிவைத்த காலத்தில், விரல்கள் தேய்ந்துபோவது நோய் சதையைத் தின்பதால் அல்ல என்று அவர் காட்டினார். உணர்ச்சி மரத்துப்போனதால் சூடும் வெட்டும் தெரியாமல், காயத்தின்மேல் காயமாகச் சேர்ந்துதான் விரல் போகிறது. அதனால் அவர் வலியைப் படைத்தவரின் கொடை என்றே எழுதினார். அப்பாவை 14 வயதில் வலியோடு இழந்த மகன் அப்படி எழுதியது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நோயா, பேயா

இக்கோட்பாடு சரியாகப் புரியாவிட்டால் என்ன கேடு வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் ஒரு சிறுவன் நுரை தள்ளி, பல்லைக் கடித்து விழுகிறான். ஆவி பிடித்தவன் என்கிறார் மாற்கு. அதே சிறுவனை மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'சந்திரரோகி' என்கிறது. திருவிவிலியம் 'வலிப்பு நோய்' என்கிறது. ஒரே பிள்ளை, ஒரே அறிகுறிகள்.

பேய் பிடித்தவர் என்று மனநோயாளிகளைக் கட்டிப்போடுவது எல்லா சமயத்தாரிடமும் இருந்த வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95இல், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை செய்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், ஆயரின் தனி அனுமதி இன்றி எவரும் பேயோட்டும் சடங்கு செய்யக்கூடாது என்கிறது. 1999இல் திருத்தப்பட்ட சடங்கு முறை, முதலில் மருத்துவ ஆலோசனை பெறச் சொல்கிறது. சுதந்திரமாக இயங்கும் ஜெபக்கூட்டங்களுக்கு இத்தகைய கட்டு எதுவும் இல்லை.

என் வகுப்பில் எட்டாவது படித்த ஒரு பையனுக்கு அடிக்கடி வலிப்பு வரும். அவனை ஒரு ஜெபவீட்டில் மூன்று நாள் பட்டினி போட்டு வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவன் அம்மா, "மாத்திரை கொடுத்தா விசுவாசம் இல்லைன்னு ஆயிடும்னு சொல்றாங்க, சார். பிசாசுக்கு எடம் கொடுத்த மாதிரியாம்" என்றார். நான் இறையியல் படித்தவன் அல்லன். எனக்குத் தெரிந்த யோபு கதையைத்தான் சொன்னேன். "ஏம்மா, பிசாசே ஆண்டவர்கிட்ட அனுமதி வாங்கித்தான் வரணும்னு உங்க வேதத்துலயே இருக்கே. மாத்திரையும் அவர் கையில இருக்கிற பொருள்தானே?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பையனைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். மாத்திரையைக் காலையும் இரவும் அவர் தவறாமல் கொடுத்தார். ஜெபத்தையும் விடவில்லை. பையன் பத்தாவது முடிக்கும்வரை என் வகுப்பின் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.